கண்டிக்குப் போன கணக்குப் புத்தகங்கள்

எங்கள் நிறுவனத்தின் கணக்கு வேலையைக் கண்டியிலுள்ள ஒரு கணக்கியல் நிறுவனத்திடம் கொடுத்துவிடுவது என்று நிர்வாக சபை 2013இல் தீர்மானித்தபோது நானும் கையை உயர்த்தினேன். இன்று கேட்டாலும் உயர்த்துவேன். மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் வேலை செய்யும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்துக்கு அப்போது அதைவிட நல்ல வழி இருக்கவில்லை. ஆனால் கணக்கு எழுதும் வேலையோடு சேர்ந்து, அந்தக் கணக்கை யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பும் கண்டிக்குப் போய்விடப் பார்த்தது. அதை இங்கேயே பிடித்து வைப்பதற்கு நாங்கள் பட்ட பாட்டை எழுதிவைக்க வேண்டுமென்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

மாத்தளை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரத பவனி, அலுவிகாரை, கண்டி வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்கள். எங்கள் வேலை இருந்தது மலைப்பக்கத்தில். இரத்தோட்டை, எல்கடுவ, கந்தேநுவர, உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களில். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்கள் மலைநாட்டில் முதலில் கண்ட ஊர் மாத்தளைதான். அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்றும் வாழும் வரிசை வீடுகளான லயங்களில் சிறுவர் நிலையம், குடிநீர்க் குழாய், மலசலகூடம், பெண்களின் சேமிப்புச் சங்கம் என்று எங்கள் வேலைகள் நடந்தன. அலுவலகம், திருகோணமலை வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் இரண்டு அறைகள். ஓர் அறை முழுக்க அலுமாரி. அலுமாரி முழுக்கக் கோப்பு.

அந்த அறை எங்கள் கணக்கு அக்காவுடையது. காசேடு, சில்லறைக் காசேடு, பேரேடு, காசோலைப் புத்தகம், வங்கி இணக்கக் கூற்று, சம்பளப் பட்டியல், ஊழியர் சேமலாப நிதிப் படிவம் எல்லாம் அவர் கையால். ஊழியரிடம் 8 சதவீதம், நிறுவனத்திடம் 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம் என்று அவர் மாதந்தவறாமல் கணக்கிட்டுக் கட்டிய பணத்தால், எங்களில் பலர் பின்னாளில் வீடு கட்டினோம். ஒரு சதம் பிசகாத மனுஷி. அவரைப் பற்றி எந்தக் குறையும் எனக்கில்லை. குறை அமைப்பில் இருந்தது. காசோலையை எழுதுகிறவரே அதைக் காசேட்டில் பதிகிறார். பதிந்தவரே மாத முடிவில் வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டுச் சரி என்று கையெழுத்தும் போடுகிறார். ஒரே ஆளின் நேர்மையில் ஒரு நிறுவனம் முழுவதும் நிற்கிறது என்றால், அந்த ஆளுக்கே அது அநியாயமான சுமை. ஏதாவது ஒரு சீட்டு காணாமற்போனால் முதலில் சந்தேகிக்கப்படுவது அவர்தானே. கணக்காய்வாளர்கள் ஒவ்வோர் ஆண்டும் தங்கள் கடிதத்தில் இதைச் சுட்டினார்கள். வேலையைப் பிரித்துக் கொடுக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும். அதற்குச் சம்பளம் எங்கே?

சம்பளம் இல்லாமற்போன கதை எங்கள் அலுவலகத்தோடு முடிவதல்ல. யுத்தம் 2009இல் முடிந்தது. 2010இல் சர்வதேச நாணய நிதியம் இலங்கையை நடுத்தர வருமான நாடாக வகைப்படுத்தியது. வெளிநாட்டுக் கொடையாளர்களில் சிலர் வடக்கு கிழக்குக்குப் போனார்கள். சிலர் நாட்டை விட்டே போனார்கள். லயத்துக் காம்பிராவில் வாழ்கிறவர்களின் வருமானம் அந்த வகைப்படுத்தலால் ஒரு ரூபாயும் கூடவில்லை. 2013இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபாய்; வரவுக்கும் விலைக்குமான கொடுப்பனவுகள் எல்லாம் சேர்ந்தால் 620. அந்த ஆண்டில்தான் எங்களுடைய பெரிய கொடையாளர் ஒருவர், நிர்வாகச் செலவைக் குறையுங்கள், பணம் முழுவதும் மக்களுக்குப் போகட்டும் என்று எழுதினார்.

கேட்க நல்ல வார்த்தை. கணக்கு எழுத ஆளில்லாமல் பணம் எப்படி மக்களிடம் போய்ச் சேரும் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் நன்கொடைகளில் மறைமுகச் செலவுக்கு 7 சதவீதத்துக்கு மேல் தருவதில்லை. அமெரிக்காவில் ஆன் காகின்ஸ் கிரெகரி, டொன் ஹவர்ட் என்ற இருவர் 2009இல் எழுதிய ஒரு கட்டுரை தொண்டு நிறுவன உலகில் பெரிதாகப் பேசப்பட்டது. கொடையாளர்கள் நிர்வாகச் செலவைக் குறைவாக எதிர்பார்க்கிறார்கள். நிறுவனங்கள் அதற்குப் பயந்து உண்மைச் செலவைக் குறைத்துக் காட்டுகின்றன. அதைப் பார்த்துக் கொடையாளர்களின் எதிர்பார்ப்பு இன்னும் குறைகிறது. இப்படியே நிறுவனங்கள் பட்டினி கிடக்கின்றன என்று அவர்கள் எழுதினார்கள். மாத்தளை ஒழுங்கையில் உட்கார்ந்து அதைப் படித்தபோது, எங்கள் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்து எழுதியது போலிருந்தது.

கணக்கு அக்காவுக்கு ஓய்வு பெறும் வயதும் அப்போது வந்துவிட்டது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், ஐந்து ஆண்டு முடித்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். சிறுவர் நிலைய ஆசிரியைகளையும் சேர்த்தால் நாங்கள் அந்த எண்ணிக்கையைத் தாண்டியிருந்தோம். எந்தக் கொடையாளரின் பாதீட்டிலும் பணிக்கொடை என்ற வரி இல்லை. இரண்டு ஆண்டுத் திட்டத்துக்குப் பணம் தருகிறவர், இருபது ஆண்டு உழைத்தவரின் பணிக்கொடை தன்னுடைய செலவு அல்ல என்கிறார். அடுத்தவரும் அதையே சொல்கிறார். ஆனாலும் அக்கா, நிறுவனத்தின் சொந்தச் சேமிப்பில் ஆண்டுதோறும் சிறு தொகையை ஒதுக்கி வைத்திருந்தார். தன்னுடைய பணிக்கொடைக்கான வவுச்சரையும் அவரேதான் எழுதினார். அவர் எழுதிய கடைசி வவுச்சர்களில் அது ஒன்று.

அவருடைய இடத்துக்கு முழுநேரக் கணக்காளர் ஒருவரைத் தேடினோம். தகுதியுள்ளவர்கள் கேட்ட சம்பளம் எங்கள் சக்திக்கு மேல். கணக்கியல் படித்த பிள்ளைகளைக் கொழும்பு இழுத்துக்கொள்கிறது; அங்கே லண்டன் கம்பெனிகளின் கணக்குகளையே உட்கார்ந்து எழுதுகிறார்கள். அந்தச் சம்பளத்தோடு நாங்கள் எப்படிப் போட்டி போடுவது? வெளியே கொடுத்தால் ஏறத்தாழ பாதிச் செலவில் முடியும் என்று தெரிந்தது.

நிர்வாக சபைக் கூட்டத்தில் இரண்டு பெரியவர்கள் எதிரெதிராகப் பேசினார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். 1990இல் ஜனாதிபதி பிரேமதாச, அரசு சாரா நிறுவனங்களை விசாரிக்க ஆணைக்குழு நியமித்த காலத்தை அவர் மறக்கவில்லை. 1991இல் அவசரகால விதிகளின் கீழ், நிறுவனங்களின் வரவு செலவைக் கண்காணிக்க ஒழுங்கு விதிகளே வந்தன. அன்று சேவை செய்தவர்களெல்லாம் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டார்கள். “கணக்குப் புத்தகம் நம்ம வாசல் தாண்டக்கூடாது. நாளைக்கு யாராவது கேட்டு வந்தால் உடனே எடுத்துக் காட்ட வேணும்” என்றார்.

மற்றவர் மாத்தளை நகரில் கடை வைத்திருந்தவர். 1983 ஜூலையில் நகரத்துத் தமிழ்க் கடைகள் எரிந்தபோது அவருடைய கடையும் எரிந்தது. கடன் பேரேடுகள் உள்ளே இருந்தன. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு எழுத்தில் ஒரு சான்றும் மிஞ்சவில்லை. சிலர் தாங்களாகவே வந்து கடனைக் கட்டினார்கள்; பலர் வரவில்லை. “ஒரே இடத்தில வச்ச கணக்கு ஒரு ராத்திரிக்குத்தான் சொந்தம் மாஸ்டர். இன்னொரு ஊரில ஒரு பிரதி இருக்கட்டும்” என்றார் அவர். ஆசிரியர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு அசல் வவுச்சர்கள் எப்போதும் மாத்தளையில்தான் இருக்க வேண்டும், கண்டிக்குப் போவது பதிவுக்கு மட்டும், வேலை முடிந்ததும் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். அந்த இரண்டு பேருடைய பயமும் சேர்ந்துதான் எங்கள் ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தமாக அமைந்தது என்று நான் நம்புகிறேன்.

காசோலைப் புத்தகத்தை வெளியே கொடுக்கவில்லை. இரண்டு கையெழுத்து முறை தொடர்ந்தது. இரண்டும் எங்கள் சபையினருடையவை. கணினியில் பதியும் தரவு நிறுவனத்தின் சொத்து, மாதாமாதம் அதன் பிரதி எங்களுக்கு வர வேண்டும் என்று எழுதினோம். கண்டி நிறுவனம் தானே ஆண்டுக் கணக்காய்வையும் செய்து தருவதாகச் சொன்னது. ஒரே கட்டணத்தில் இரண்டும் முடியும். மலிவுதான். ஆனாலும் தான் எழுதிய கணக்கைத் தானே சரி என்று சான்று சொல்வது முறையாகாது என்று சபை மறுத்தது. கணக்காளர்களின் தொழில் ஒழுக்கக் கோவையும் அதையேதான் சொல்கிறது. கணக்காய்வுக்கு வேறொருவர் வந்தார்.

இதனால் வந்த நன்மைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வங்கி இணக்கக் கூற்று மாதத்தின் பத்தாம் தேதிக்குள் வந்தது. ஒவ்வொரு கொடையாளரின் பணத்துக்கும் தனித்தனி நிரல் வந்தது. ஒரு திட்டத்தின் பணம் இன்னொரு திட்டத்துக்குக் கடனாகப் போனால் உடனே தெரிந்தது. நாட்டின் வரி மதிப்பாண்டு மார்ச் 31இல் முடிகிறது, கொடையாளரின் ஆண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. இரண்டுக்கும் நடுவே கணக்கு அக்கா பட்ட அவஸ்தை கணினியில் ஓர் அறிக்கையாகச் சுருங்கியது. தொண்டு நிறுவனம் பெறும் நன்கொடையில் 3 சதவீதத்தை வருமானமாகக் கருதி வரி விதிக்கும் விதி, அதிலிருந்து விலக்குக் கேட்கும் வழி, பின்னாளில் 2023 ஜனவரி முதல் மாதம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சம்பளத்தில் வரி கழிப்பது கட்டாயமானது எல்லாவற்றையும் அவர்களே கவனித்தார்கள். இவை எங்களுக்கு ஒருபோதும் சரியாகப் பிடிபட்டிருக்காது.

வில்லங்கம் மணலில் தொடங்கியது.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் மலசலகூடங்கள் கட்டிக்கொண்டிருந்தோம். லொறி வருவது தொழிற்சாலைச் சந்தி வரைக்கும்தான். அங்கிருந்து லயத்துக்கு மணலும் கல்லும் சீமெந்து மூட்டையும் ஏறுவது ஆட்களின் தலையில். மழை நாளில் ஒரு கூலி, வெயில் நாளில் ஒரு கூலி. சுமந்தவர்களிடம் பில் புத்தகம் இருக்குமா? சங்கத் தலைவி ஒரு கொப்பித் தாளில் பெயர்களை எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருந்தார்; இரண்டு பேர் பெருவிரல் வைத்திருந்தார்கள். கண்டியிலிருந்து கேள்விப் பட்டியல் வந்தது. ஆதாரமற்ற செலவு. ஒவ்வொரு வரிக்கும் எதிரில் அதே சொல். அந்தப் பட்டியலைத் தயாரித்த தம்பி சிங்களப் பிள்ளை, பட்டயக் கணக்காளராகப் பயிற்சி பெறுகிறவர், நல்ல பிள்ளை. தொலைபேசியில் கேட்டேன். “அக்கா, இந்தக் கையெழுத்தை நான் எப்படி நம்புவது?” என்று மரியாதையாகத்தான் திருப்பிக் கேட்டார். அவருடைய கேள்வியில் தவறில்லை. பில் இல்லாத செலவை அனுமதிக்கத் தொடங்கினால், இல்லாத மணலுக்கும் பணம் போகும். அது நடந்த இடங்களும் உண்டு.

அடுத்த சனிக்கிழமை அவரை மாத்தளைக்கு வரச் சொல்லி, அங்கிருந்து இரத்தோட்டை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். தொழிற்சாலைச் சந்தியில் இறங்கி லயம் வரைக்கும் நடந்தோம். வழியில் சீமெந்து மூட்டையோடு ஏறிவந்த ஒருவருக்கு ஒதுங்கி வழிவிட்டோம். மேலே போனதும் சங்கத் தலைவி அந்தக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். எத்தனை மூட்டை, எந்த நாள், யார் யார் என்று ஒவ்வொரு பக்கத்திலும் எழுதியிருந்தது. கடைக்கார லொறி இறக்கிய மூட்டைக் கணக்கோடு அது பொருந்தியது. அந்தத் தம்பி உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தேநீர் குடித்தார். அங்கேயே ஒரு படிவத்தின் மாதிரியைப் பென்சிலால் வரைந்தார். சுமந்தவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்தோ பெருவிரலோ, சங்கத்தின் இரண்டு பேர் சாட்சி, பொருள் வந்த பில்லின் இலக்கம். தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்தோம். கணக்காய்வாளர் அதை ஏற்றுக்கொண்டார். இன்றும் எங்கள் கோப்புகளில் அந்தப் படிவம்தான்.

அவருடைய மூன்று வருடப் பயிற்சிக் காலம் முடிந்ததும் தம்பி போய்விட்டார். புதிதாக வந்தவர் அதே கேள்விகளோடு வந்தார். அவருக்குப் பின்னால் வந்தவரும் அப்படியே. வெளியே கொடுப்பதில் ஒருவரும் பாதீட்டில் எழுதாத செலவு இது. மலைக்கு ஏறும் பாதையைப் பார்த்த கண் ஒவ்வொரு முறையும் வேறு வேலைக்குப் போய்விடுகிறது.

அதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. கணக்கு அக்கா இருந்த காலத்தில், சங்கத்துப் பெண்கள் சாமான் வாங்க மாத்தளைக்கு வந்தால் அலுவலகத்துக்குள் எட்டிப் பார்ப்பார்கள். “அக்கா, எங்க குழாய்க் காசுல இன்னும் எவ்வளவு இருக்கு?” என்று கேட்பார்கள். அவர் பேரேட்டைத் திறந்து, விரலை வைத்து, தமிழில் வாசித்துச் சொல்வார். இப்போது கேட்டால், நான் கண்டியிலிருந்து வந்த ஆங்கில அறிக்கையை எடுத்து விரிக்க வேண்டியிருந்தது. குழாய்க்கு அங்கே ஓர் இலக்கக் குறியீடு. அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கொஞ்சக் காலத்தில் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரிந்த ஒன்று. நான் தோட்டத்தில் பிறந்தவள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பெயர் போடுவதை என் பாட்டி பார்த்துக்கொண்டே நிற்பார்; அரை நாளாகப் பதிந்தாலும் முழு நாளாகப் பதிந்தாலும் அவரால் வாசிக்க முடியாது. அதற்கும் முந்திய தலைமுறையில் ‘துண்டு’ இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு. கங்காணி அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்களைத் தோட்டம் தோட்டமாக மாற்றினார். மாறும்போதெல்லாம் கடனும் ஏறியது. எழுதியிருந்த தொகை சரியா என்று கடனாளிக்கே தெரியாது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்த முறையை ஒழித்தார்கள். எங்கள் சனம் தங்கள் பெயரால் எழுதப்பட்ட கணக்கைத் தாங்கள் வாசிக்காமலே நூறு வருடத்துக்கு மேல் வாழ்ந்தது. அவர்களுடைய பெயரைச் சொல்லிப் பணம் கேட்கும் ஒரு தொண்டு நிறுவனமும் அதையே செய்யலாமா?

இந்தக் கேள்வியை உலகத்தில் முதலில் கேட்டது நாங்கள் அல்ல என்பது பிறகு தெரிந்தது. தொண்டு நிறுவனங்களுக்கு நிதி நிர்வாகம் கற்றுக்கொடுத்த ‘மேங்கோ’ என்ற பிரித்தானிய அமைப்பு, நிறுவனங்கள் தங்கள் வரவு செலவைப் பயனாளிகளுக்கே சொல்ல வேண்டும் என்று 2005இல் ஓர் இயக்கம் நடத்தியிருந்தது. அதற்கும் முன்னே, ராஜஸ்தானில் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், 1994 முதல் கிராமங்களில் மக்கள் விசாரணைக் கூட்டம் நடத்தியது. பஞ்சாயத்து வேலைக்கான கூலிப் பட்டியலை ஊரின் நடுவில் உரக்க வாசித்தார்கள். வேலையே செய்யாதவரின் பெயரில் கூலி எடுத்திருப்பது அங்கேயே அம்பலமானது. எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பது அவர்களுடைய முழக்கம். இந்தியாவின் தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்ததில் அந்தக் கூட்டங்களுக்குப் பெரிய பங்குண்டு. இலங்கையின் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசுகளிடமிருந்தோ பெருமளவு நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் அரசு சாரா நிறுவனங்களும் அடங்கும். 1980ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் கீழ் அரசுக்குக் கணக்குக் காட்டிப் பழகியவர்கள், இனிக் கேட்கும் குடிமக்களுக்கும் காட்ட வேண்டும். சட்டம் வந்தது நல்லது. ஆனாலும் லயத்திலிருந்து ஒருத்தி விண்ணப்பம் எழுதி அனுப்பும் வரை காத்திருப்பது எங்களுக்கு அழகில்லை.

எனவே சங்கம் சங்கமாகக் கணக்கு வாசிக்கத் தொடங்கினோம். கண்டியிலிருந்து வரும் அறிக்கையைத் தமிழில், இலக்கக் குறியீடு இல்லாமல், பெரிய தாளில் எழுதினோம். சீமெந்து இத்தனை மூட்டை, இவ்வளவு ரூபாய். சுமை கூலி. ஆசிரியையின் கொடுப்பனவு. எங்கள் பயணச் செலவு. மிச்சம். சிறுவர் நிலையத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, வேலை முடிந்து கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு வந்த பெண்களுக்கு வாசித்தேன்.

முதல் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் ஒருவர் எழுந்து, நிறப்பூச்சு வாளி நான்கு என்று போட்டிருக்கிறது, எங்கள் நிலையத்துக்கு வந்தது மூன்றுதான் என்றார். தேடிப் பார்த்ததில் நான்காவது வாளி பக்கத்துத் தோட்டத்து நிலையத்துக்குப் போயிருந்தது. பதிவில் இரண்டும் ஒன்றாகிவிட்டிருந்தன. பணம் எங்கும் தொலையவில்லை. ஆனால் கண்டியில் ஒருவரும் கண்டிருக்க முடியாத பிழை அது. கணக்காய்வாளரும் கண்டிருக்க மாட்டார். பில் சரியாக இருந்தது, தொகை சரியாக இருந்தது. வாளியை எண்ணியவருக்கு மட்டுமே தெரியும்.

அதற்குப் பிறகு கேள்விகள் கூடின. ஒரு நாள் வயதான ஒருவர், சுவரிலிருந்த தாளில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டி, “மிஸ், கணக்கு எழுதுற கம்பெனிக்கு எவ்வளவு குடுக்கறீங்க?” என்று கேட்டார். சொன்னேன். சிறுவர் நிலைய ஆசிரியையின் கொடுப்பனவைப் போல அது பல மடங்கு. கூட்டத்தில் சலசலப்பு. “நம்ம புள்ளைங்களப் பாக்கிறவளுக்கு இவ்வளவு, எழுதுறவனுக்கு அவ்வளவா?” என்றார் இன்னொருவர். முழுநேர ஆள் வைத்தால் இதைவிடக் கூடும் என்று விளக்கினேன். எழுதாவிட்டால் அடுத்த வருடம் பணமே வராது என்றும் சொன்னேன். இரண்டும் உண்மை. அவர்கள் சமாதானம் ஆகவில்லை. ஆகாமல் இருந்ததும் நியாயம் என்றே எனக்குப் பட்டது. அந்தப் பேச்சின் பலனாக, அடுத்த விண்ணப்பத்தில் ஆசிரியைகளின் கொடுப்பனவை உயர்த்திக் கேட்டோம். கேட்டதில் ஒரு பகுதி கிடைத்தது.

2022 எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது. மார்ச் தொடக்கத்தில் டாலர் 200 ரூபாயளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பெற்றோல் வரிசை மாத்தளை நகரையே சுற்றி நின்றது. மார்ச் முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு. வவுச்சர் பெட்டியைக் கண்டிக்குக் கொண்டுபோக வழியில்லை. கைத்தொலைபேசியில் படமெடுத்து, மின்சாரம் வந்த நேரத்தில் அனுப்பினோம். அந்தச் சமயத்தில் ஒரு வெளிநாட்டு நன்கொடையின் தவணை வந்திறங்கியது. பாதீட்டில் எழுதிய ரூபாயைவிட மிக அதிகமான ரூபாய் வங்கியில் நின்றது. கண்டியில் அந்த மேலதிகத்தை நாணய மாற்று இலாபம் என்று ஏனைய வருமானத்தில் பதிந்துவிட்டார்கள். கணக்கியல் முறைப்படி அதற்கும் ஒரு நியாயம் உண்டாம். அப்படிப் பதிந்தால் பணம் நிறுவனத்தின் பொது நிதிக்குப் போய்விடும். அலுவலக வாடகைக்கும் செலவழிக்கலாம்.

சபையில் அதைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. வாடகை உண்மையாகவே நிலுவையில் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் மாவின் விலை, பால்மாவின் விலை, சீமெந்தின் விலை எல்லாம் அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. சிறுவர் நிலையத்துப் பிள்ளைகளின் காலை உணவுக்கென்று வந்த பணத்தின் இலாபம் யாருக்குச் சேரும்? கொடையாளருக்கு எழுதிக் கேட்டோம். அதே திட்டத்துக்கே செலவழிக்கச் சம்மதித்தார்கள். கண்டிக்குச் சொல்லிப் பதிவை மாற்றினோம். அந்த ஆண்டு பிள்ளைகளின் கோப்பையில் கஞ்சி குறையவில்லை. வாடகையை வீட்டுக்காரரிடம் தவணை கேட்டுக் கட்டினோம்.

எழுதியவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. அந்தப் பணம் எதற்கென்று வந்தது, யார் வயிற்றுக்கு என்பது அவர்கள் முன்னாலிருந்த திரையில் இல்லை. அதை முடிவு செய்வது எங்கள் வேலை. மாதம் பிறந்தால் அறிக்கை ஒழுங்காக வந்துவிடுகிறது என்ற நிம்மதியில், அந்த வேலையும் நடந்து முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்ட நிறுவனங்களை நான் பார்த்திருக்கிறேன். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் போடுவார்கள். திட்டம் நடக்கும் தோட்டத்தின் பெயரைக் கேட்டால் யோசிப்பார்கள்.

கணக்கு வாசித்த கூட்டங்களில் ஓர் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண் பிள்ளைகள் உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவர்கள். பரீட்சை முடிந்து, என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் இருந்தார்கள். அவர்களை அந்தக் கண்டிக் கம்பெனியில் பழக விடுங்களேன் என்று சங்கத்துப் பெண்களே கேட்டார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது அதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தோம். ஒருத்தி சில மாதங்களில் விட்டுவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். வீட்டுக்கு உடனே காசு தேவைப்பட்டது. மற்றவள் கணக்கியல் தொழினுட்பவியலாளர் பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு அங்கேயே வேலை செய்கிறாள். எங்கள் வவுச்சர்களைப் பதிவது இப்போது அவள்தான். சுமை கூலிப் படிவத்தில் சந்தேகம் வந்தால் என்னைக் கேட்பதில்லை; நேரே சங்கத் தலைவிக்கு அழைத்து, எந்தச் சந்தியிலிருந்து எந்த லயத்துக்கு, மழையா வெயிலா என்று கேட்கிறாள். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி அவளிடம் நச்சரிக்கிறார்கள் சங்கத்துப் பெண்கள். அது என் கையில் இல்லை, சபைக்கு எழுதுங்கள் என்கிறாளாம். கடிதம் வந்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் எடுக்கப் போகிறோம்.